கடனைக் கட்டுவது யார், கதவைத் திறப்பது யார்?

கேள்வி இது: "இரண்டு பேர் மனமொத்துச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அரசு எவ்வளவு தூரம் கை வைக்கலாம்? மேற்கத்திய அரசியல் சிந்தனை ஒப்பந்தச் சுதந்திரத்தின் பக்கம், இஸ்லாமிய சிந்தனை அரசுக் கட்டுப்பாட்டின் பக்கம் என்று ஓரிடத்தில் படித்தேன். இது சரிதானா?"

சரியில்லை. நீங்கள் படித்தது இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறது. கொடுத்த வாக்கு ஒருவரைக் கட்டுப்படுத்துகிறதே, அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்பது ஒரு கேள்வி. வாக்கு மீறப்பட்டால் நீதிமன்றத்தின் கதவு யாருக்கு, எப்போது, எந்தச் சீட்டைக் காட்டினால் திறக்கும் என்பது வேறு கேள்வி. இஸ்லாமியச் சட்ட மரபு இந்த இரண்டையும் ஆரம்பத்திலிருந்தே பிரித்து வைத்திருக்கிறது. மேற்கில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து பலமாக எழுந்த ஒரு கிளை, இரண்டையும் அரசின் கையில் சேர்த்துக் கொடுத்தது. சுதந்திரமா கட்டுப்பாடா என்ற அளவுகோலை எடுத்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

நான் சிவில் வழக்குகள் நடத்துகிறவன். இந்தப் பிரிவினை எனக்கு முதலில் உறைத்தது ஒரு புரோநோட்டில்தான். வயதான ஒருவர் மடித்து மடித்து நைந்துபோன நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். தேதியைப் பார்த்தேன், மூன்று வருடம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பின்பக்கத்தில் வரவு எதுவும் எழுதப்படவில்லை. "ஐயா, இது காலாவதி ஆயிடுச்சு. இனி கேஸ் போட முடியாது" என்றேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாக ஒன்று கேட்டார்: "கேஸ் போட முடியாது, சரி தம்பி. ஆனா அவன் எனக்குப் பாக்கிதானே?"

சட்டம் அவர் பக்கம்தான் பேசுகிறது. கடனை வசூலிக்கும் வழியைத்தான் காலவரம்பு அடைக்கிறது. கடனை அழிப்பதில்லை என்று நம் உச்ச நீதிமன்றம் பம்பாய் டையிங் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. காலாவதியான கடனைத் திருப்பித் தருகிறேன் என்று கடனாளி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், புதிதாக ஒரு ரூபாய்கூடக் கைமாறாவிட்டாலும், அது செல்லுபடியாகும் ஒப்பந்தம். கடன் உண்மையிலேயே செத்துப்போயிருந்தால் அதை எப்படி எழுப்ப முடியும்? எங்கேயோ உயிரோடு இருந்திருக்கிறது. எங்கே என்பதுதான் அரசியல் சிந்தனையின் கேள்வி.

ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸிடம் கேட்டால் எங்கேயும் இல்லை என்பார். 1651-இல், இங்கிலாந்தில் மன்னரின் தலை வெட்டப்பட்டு இரண்டு வருடம் ஆன சமயத்தில், அவர் 'லெவியதான்' எழுதினார். வாள் பின்னால் நிற்காத உடன்படிக்கை வெறும் சொல் என்பது அதன் மைய வாதம். ஒருவர் இன்று சரக்கைக் கொடுக்கிறார், மற்றவர் நாளை பணம் தருகிறேன் என்கிறார். இருவருக்கும் மேலே ஒரு பொதுவான அதிகாரம் இல்லையென்றால், முதலில் கொடுக்கிறவர் தன்னை எதிரியின் கையில் ஒப்படைக்கிறார். நியாயமான சந்தேகம் எழுந்த உடனே அந்த உடன்படிக்கை செல்லாததாகிவிடும். ஆகவே முதலில் அரசு, பிறகுதான் ஒப்பந்தம். நீதி, அநீதி என்ற சொற்களுக்கே அரசு வந்த பிறகுதான் பொருள். உயிருக்குப் பயந்து திருடனிடம் 'பணம் தருகிறேன்' என்று சொன்ன வாக்குகூடக் கட்டுப்படுத்தும், நாட்டின் சட்டம் விடுவிக்கும்வரை என்கிறார் அதே நூலில். பயத்தில் பிறந்த சம்மதமும் சம்மதமே. அதைச் செல்லாது என்று சொல்லக்கூடியது அரசின் சட்டம் மட்டுமே.

ஆனால் ஹாப்ஸ்தான் மேற்கு என்று எழுதிவிட்டால் அது அநியாயம். அவருக்கு முன்னால் கிறிஸ்தவ திருச்சபைச் சட்டம், வெறும் வாய்வாக்கையும் காப்பாற்றியே ஆகவேண்டும் என்றது. மீறுவது பாவம் என்பது காரணம். 1625-இல் டச்சுச் சட்ட அறிஞர் க்ரோஷியஸ், வாக்கின் கட்டு இயற்கைச் சட்டத்திலேயே இருக்கிறது என்றார். ஹாப்ஸுக்குப் பின் வந்த ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் ஒரு காட்சியையே வரைந்து காட்டுகிறார். அமெரிக்கக் காட்டில் ஒரு ஸ்விட்சர்லாந்துக்காரரும் ஒரு செவ்விந்தியரும் சந்தித்துப் பண்டமாற்றுப் பேசுகிறார்கள். இருவருக்கும் பொதுவான அரசனும் கிடையாது, நீதிமன்றமும் கிடையாது. இருந்தும் அந்தப் பேச்சு இருவரையும் கட்டும். வாக்கைக் காப்பது மனிதன் என்ற முறையில் வருகிற கடமை. ஒரு நாட்டின் குடிமகன் என்பதால் வருவதல்ல என்பது லாக்கின் காரணம்.

இந்தச் சண்டை புத்தகத்தோடு நிற்கவில்லை. அமெரிக்க அரசியல் சட்டம் 1787-இல் எழுதப்பட்டபோதே, எந்த மாநிலமும் ஒப்பந்தக் கடப்பாட்டைக் குலைக்கும் சட்டம் இயற்றக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்தக் கடப்பாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி 1827-இல் ஆக்டன் எதிர் சாண்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நொடித்துப்போன கடனாளியைக் கடனிலிருந்து விடுவிக்கும் நியூயார்க் சட்டம் ஏற்கனவே அமலில் இருந்தது. கடன் அதற்குப் பிறகு வாங்கியது. நான்கு நீதிபதிகள், கடன் பிறந்தபோதே சட்டம் இருந்ததால் அந்தச் சட்டமும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி என்றார்கள். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் மறுத்து எழுதினார். ஒப்பந்தம் செய்யும் உரிமையை மனிதன் அரசிடமிருந்து பெறவில்லை. சமூகத்துக்குள் வரும்போதே அதைக் கையோடு கொண்டுவருகிறான். அரசு தருவது பரிகாரத்தை மட்டும்தான். தன் நீண்ட பதவிக் காலத்தில், அரசியல் சட்டத்தின் பெரிய கேள்வி ஒன்றில் மார்ஷல் சிறுபான்மையில் நின்றது அந்த ஒரு தடவைதான். என் கருத்தில் அவர் சொன்னதுதான் சரி. ஆனால் அவருக்குப் பிறகு மேற்கின் சட்டக் கல்வி மெல்ல மெல்ல அந்த நால்வரின் பக்கமே சாய்ந்தது.

இனி இஸ்லாமிய மரபுக்கு வருவோம். ஒப்பந்தத்துக்கான அரபுச் சொல் 'அக்து'. முடிச்சு, கட்டு என்பது அதன் பொருள். நம் ஊரில் நிக்காஹ் நடக்கும் வீட்டில் "அக்து முடிஞ்சிடுச்சா?" என்று கேட்பது இந்தச் சொல்தான். குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயம், நம்பிக்கை கொண்டோரே, ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று தொடங்குகிறது. பதினேழாவது அத்தியாயம், வாக்கைப் பற்றி விசாரிக்கப்படும் என்கிறது. விசாரிப்பது காஜி, அதாவது ஊர் நீதிபதி அல்ல; இறைவன். ஆக, முடிச்சு இறுகுவது இரு தரப்பின் சம்மதத்தில். அதைச் செல்லும் என்று ஏற்பது இறைவன். சுல்தான் இந்தக் காட்சியில் இன்னும் வரவே இல்லை.

இதை நேரில் பார்க்கவேண்டுமானால் இறந்தவருக்கான ஒரு ஜனாஸா தொழுகைக்குப் போய் நில்லுங்கள். உடலைக் கிடத்தியபின், தொழுகைக்கு முன்னால், மகனோ தம்பியோ எழுந்து சொல்வார்: "எங்க அத்தா யாருக்காவது கடன் பாக்கி வெச்சிருந்தா எங்ககிட்ட வந்து கேட்டு வாங்கிக்கங்க. நாங்க பொறுப்பு." எழுத்து இருக்கிறதா, மூன்று வருடம் ஆகிவிட்டதா, சாட்சி உண்டா என்ற பேச்சே கிடையாது. இதன் வேர் நபிமொழியில் இருக்கிறது. கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழவைக்க நபிகள் தயங்கினார்கள். அபூ கத்தாதா என்ற தோழர் அந்தக் கடன் என் பொறுப்பு என்று ஏற்ற பிறகே தொழவைத்தார்கள். பின்னர் மதீனாவின் பொதுக் கருவூலத்துக்கு வருமானம் வந்தபோது, கடனை விட்டுவிட்டு இறப்பவருடைய கடன் என்மீது, அவர் விட்டுச்செல்லும் சொத்து வாரிசுகளுக்கு என்று அறிவித்தார்கள். நாட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை. தன் தலையில் ஏற்றுக்கொண்டார். அந்தக் கடனை ரத்து செய்யும் உரிமை ஆட்சியாளருக்கு இல்லை என்ற எண்ணம் அதிலேயே இருப்பதாக நான் படிக்கிறேன்.

அப்படியானால் இஸ்லாத்தில் ஒப்பந்தத்துக்கு எல்லையே இல்லையா? நிறைய இருக்கிறது. வட்டி கூடாது. நிச்சயமற்றதை விற்கக் கூடாது; தண்ணீருக்குள் இருக்கும் மீனும் வானத்தில் பறக்கும் பறவையும் சட்ட நூல்கள் ஓயாமல் சொல்லும் உதாரணங்கள். பரீரா என்ற அடிமைப் பெண்ணின் விடுதலைக்கு அவருடைய எஜமானர்கள் ஒரு நிபந்தனை போட்டபோது, இறைவனின் வேதத்தில் இல்லாத நிபந்தனை நூறு முறை போட்டாலும் செல்லாது என்றார்கள் நபிகள். இன்னொரு பக்கம், முஸ்லிம்கள் தங்கள் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற நபிமொழியும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் பல நூற்றாண்டு விவாதம் நடந்தது. சுன்னி சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபி பிரிவின் சட்டவியலாளர்கள் பெயர் சொல்லப்பட்ட ஒப்பந்த வகைகளை ஒட்டியே நின்றார்கள். 1328-இல் டமாஸ்கஸ் கோட்டைச் சிறையில் இறந்த மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா, வழிபாட்டில்தான் அனுமதி வேண்டும், ஒப்பந்தத்தில் தடை இல்லாததெல்லாம் ஆகுமானதே என்று வாதிட்டார்.

நீங்கள் கவனிக்கவேண்டியது, இந்த எல்லைகளை வரைந்தது யார் என்பதை. வேதமும் நபிமொழியும், அவற்றை விளக்கிய சட்டவியலாளர்களும். அரசர் அல்ல. 8-ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா என்ற அரசவை எழுத்தர், காஜிகள் ஊருக்கு ஒரு தீர்ப்புச் சொல்கிறார்களே, கலீஃபாவே ஒரே சட்டத்தொகுப்பைப் பிறப்பித்தால் என்ன என்று கலீஃபா மன்சூருக்கு யோசனை எழுதினார். அது ஏற்கப்படவில்லை. அதன்பிறகு ஆயிரம் வருடத்துக்கு மேல், முஸ்லிம் நாடுகளில் விற்பனை என்றால் என்ன, அடமானம் என்றால் என்ன என்று சொன்னவர்கள் அரசர்கள் அல்ல, அறிஞர்களே. ஆட்சியாளர் வட்டியை ஆகுமாக்கவும் முடியாது, ஆகுமான விற்பனையைப் பாவமாக்கவும் முடியாது. "கட்டுப்பாடு அதிகம், ஆகவே அரசு அதிகம்" என்ற முடிவு தவறிப்போவது இங்கேதான்.

அரசுக்கு என்ன வேலை மிச்சம்? முதலாவது சந்தை மேற்பார்வை. முஹ்தசிப் என்ற அதிகாரி எடைக்கல்லைச் சோதிப்பார், மாவில் கலப்படம் பார்ப்பார். 1058-இல் இறந்த சட்ட அறிஞர் மாவர்தி ஆட்சி முறை பற்றி எழுதிய நூலில் இதற்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. விலை நிர்ணயம் மட்டும் சிக்கலான இடம். மதீனாவில் விலைவாசி ஏறியபோது மக்கள் வந்து விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று கேட்டார்கள். விலையை ஏற்றி இறக்குபவன் இறைவன். எவருடைய உயிருக்கோ பொருளுக்கோ அநீதி செய்தவனாக இறைவனைச் சந்திக்க நான் விரும்பவில்லை என்று நபிகள் மறுத்தார்கள். ஒரு நாட்டின் தலைவர் பொருளாதார அதிகாரத்தை இப்படி மறுத்துப் பேசியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். பிறகு இப்னு தைமிய்யா இதற்கு ஒரு வரம்பு காட்டினார்: மக்களுக்கு அத்தியாவசியமான பொருளை வைத்துக்கொண்டு நியாய விலைக்கு விற்க மறுக்கிறவரை, அந்த விலைக்கு விற்கும்படி அரசு கட்டாயப்படுத்தலாம், அங்கே அரசு புதிதாக ஒன்றைச் சுமத்தவில்லை, அவர் ஏற்கனவே செய்யக் கடமைப்பட்டதைச் செய்யவைக்கிறது.

இரண்டாவது வேலை, கதவு. இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் புரிந்துவிடும். காஜி என்பவர் சுல்தானால் நியமிக்கப்பட்டவர். எந்த ஊரில், எவ்வளவு காலம், எந்த வகை வழக்குகளைக் கேட்கலாம் என்பதைச் சுல்தான் வரையறுக்கலாம். உஸ்மானியப் பேரரசில் 16-ஆம் நூற்றாண்டில், சுல்தான் சுலைமான் காலத்து ஷைகுல் இஸ்லாம் (பேரரசின் தலைமை மார்க்க அறிஞர்) எபுஸ்ஸுஊத் எஃபெந்தி போன்றவர்கள் இந்த அதிகாரத்தை நன்றாகப் பயன்படுத்தினார்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் பழைய வழக்கைக் கேட்காதே என்று காஜிக்குச் சுல்தானின் கட்டளை. ஷரீஅத்தைச் சுல்தான் திருத்தவில்லை. தன் காஜியின் காதைத்தான் பொத்தினார்.

இந்த நுணுக்கம் 1869 முதல் 1876 வரை இஸ்தான்புல்லில் அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டத்தில் எழுத்தாகவே இருக்கிறது. 1851 பிரிவுகள் கொண்ட அந்தத் தொகுப்பின் 1660-ஆவது பிரிவு, கடன் போன்ற வழக்குகள் 15 வருடத்துக்குப் பின் கேட்கப்படா என்கிறது. 1674-ஆவது பிரிவு, காலம் கடந்ததால் உரிமை விழுந்துவிடாது என்கிறது. பிரதிவாதி நீதிமன்றத்தில் நின்று 'ஆமாம், இவருக்கு நான் தரவேண்டியது உண்மைதான்' என்று ஒப்புக்கொண்டால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் தீர்ப்பு அதன்படியே. என் கட்சிக்காரரின் கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் வேறு எந்தச் சட்டத்திலும் படித்ததில்லை. (அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நோட்டீஸ் அனுப்பவில்லை. கடனாளி வெற்றிலை பாக்கு மண்டி வைத்திருந்தவர். பெரியவர் நேரே போய்ப் பேசினார். ஒரு வாரத்தில் இருவருமாக வந்து புது நோட்டு எழுதினார்கள். "கோர்ட்டு கேக்காதுன்னு தெரிஞ்சுதான் வந்தேன் சார்" என்றார் மண்டிக்காரர்.)

ஆனால் கதவை மூடும் அதிகாரம் சிறிய அதிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். எகிப்து 1931-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பதிவுப் பத்திரம் இல்லாத திருமணத்தை எதிர்த்தரப்பு மறுத்தால், அந்த வழக்கை நீதிமன்றம் கேட்காது. மணமகளுக்கு 16, மணமகனுக்கு 18 வயது ஆகாவிட்டாலும் கேட்காது. ஒரு வார்த்தையில்கூட அந்தத் திருமணம் செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை. சாட்சிகள் முன்னால், சம்மதத்தோடு முடிந்த அக்து மார்க்கப்படி அக்துதான். ஆனால் கணவன் 'எனக்கு இவளைத் தெரியாது' என்று சொல்லிவிட்டால், ஜீவனாம்சம் கேட்க அவளுக்கு இடமில்லை, வாரிசுரிமை கேட்க இடமில்லை. அதைவிடக் கொடுமை, விவாகரத்துக் கேட்கவும் இடமில்லை. இறைவன் முன்னால் மனைவி, அரசின் முன்னால் யாருமில்லை. மறுமணம் செய்துகொள்ளவும் மனசாட்சி விடாது. 'உர்ஃபி' (பதிவில்லாத) திருமணம் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பெண்கள் இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டார்கள். 2000-ஆம் ஆண்டின் முதலாவது சட்டம்தான் கதவை ஒரு விரற்கடை திறந்தது: ஏதாவது ஓர் எழுத்துத் துணுக்கு இருந்தால் விவாகரத்து வழக்கை மட்டும் கேட்கலாம். பிரித்துவைத்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில் ஆட்கள் விழுந்துவிடக்கூடும் என்பதை, இஸ்லாமிய மரபைப் பாராட்டி எழுதுகிற பலர் சொல்லாமல் விடுகிறார்கள். சொல்லியாக வேண்டும்.

நமக்குப் பக்கத்திலும் இதே நிலைமை இருக்கிறது. இலங்கையின் 1951-ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவைக் கடமையாக்குகிறது. ஆனால் அதன் 16-ஆவது பிரிவு, பதிவு செய்ததாலோ செய்யாததாலோ மட்டும் ஒரு திருமணம் செல்லுவதோ செல்லாமல் போவதோ ஆகாது என்கிறது. பதிவேடு அரசினுடையது, முடிச்சு அரசினுடையது அல்ல என்ற அதே கோடு.

அரசியல் சிந்தனை என்று கேட்டீர்கள். அரசே ஓர் ஒப்பந்தம் என்ற கருத்தை விட்டுவிட முடியாது. இங்கே இரு மரபுகளும் ஒரே சொல்லைப் பேசி எதிரெதிரான இடத்துக்குப் போகின்றன. ஹாப்ஸின் சமூக ஒப்பந்தம் குடிமக்கள் தங்களுக்குள் செய்துகொள்வது. இறையாண்மை உள்ளவர் அதில் ஒரு தரப்பே அல்ல. ஆகவே அவர் அதை மீறினார் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாவர்தியிடம், கலீஃபா பதவி என்பது ஓர் அக்து. 'கட்டவும் அவிழ்க்கவும் தகுதியுள்ளோர்' எனப்படும் சமூகத்தின் முக்கியஸ்தர்கள் ஒரு தரப்பு, ஆட்சியாளர் மறு தரப்பு. பாதுகாப்பும் நீதியும் அவர் செலுத்தவேண்டியவை, கீழ்ப்படிதல் அவர் பெறவேண்டியது. விசுவாச உறுதிமொழியை 'பைஅத்' என்பார்கள். அதற்கும் 'பைஃ', அதாவது விற்பனை என்பதற்கும் வேர்ச்சொல் ஒன்றே. உறுதி கொடுப்பவர் ஆட்சியாளரின் கையில் கை வைப்பது விற்பவரும் வாங்குபவரும் கை கொடுப்பது போல இருப்பதால் இந்தப் பெயர் வந்தது என்று 14-ஆம் நூற்றாண்டில் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் விளக்குகிறார். நடைமுறையில் வாளைக் காட்டி வாங்கிய பைஅத்துகளே அதிகம். அதையும் இப்னு கல்தூன் மறைக்கவில்லை. ஆனாலும் கொள்கையளவில் ஆட்சியாளரும் ஒரு முடிச்சுக்கு உட்பட்டவர். இன்னொருவருடைய முடிச்சை அவிழ்க்கும் தகுதி அவருக்கு ஏன் இல்லை என்பதற்கு இதுவே என் விளக்கம்.

மேற்கின் "ஒப்பந்தச் சுதந்திரம்" பற்றியும் ஒரு வார்த்தை. 1804-இன் நெப்போலியன் சட்டம், முறைப்படி செய்த ஒப்பந்தம் அதைச் செய்தவர்களுக்குச் சட்டமாகவே நிற்கும் என்றது. அந்தப் போக்கின் உச்சம் 1905-இல் அமெரிக்காவில் வந்த லாக்னர் தீர்ப்பு. ரொட்டிக் கடைத் தொழிலாளர்கள் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற நியூயார்க் சட்டத்தை, ஒப்பந்தச் சுதந்திரத்தில் தலையீடு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அடித்துப்போட்டது. ரொட்டி அடுப்பின் முன்னால் நிற்கும் தொழிலாளியும் முதலாளியும் சமமாக உட்கார்ந்து பேரம் பேசினார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதிய தீர்ப்பு அது. என்னால் அதை மன்னிக்க முடிந்ததில்லை. மார்ஷல் சொன்ன கொள்கை சரிதான். ஆனால் அதைப் பசியோடு இருப்பவருக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள்.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தம் வந்து அந்தக் கட்டடத்தை அசைத்தது. மினசோட்டா மாநிலம் 1933-இல் வீட்டு அடமானக்காரர்களுக்கு அவகாசம் தந்தது. 1934-இல் ப்ளைஸ்டெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ஏற்றது. கடன்பட்ட ப்ளைஸ்டெல் குடும்பம் மாதம் 40 டாலர் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கலாம். கடன் அப்படியே நிற்கும். வசூல் மட்டும் தள்ளிப்போகும். கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்று குர்ஆனின் இரண்டாவது அத்தியாயம் 280-ஆவது வசனம் சொல்வதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடப்பாடு வேறு, பரிகாரம் வேறு என்ற பழைய கோட்டை மேற்கின் நீதிமன்றமும் நெருக்கடியில் கையில் எடுத்தது. 1937-இல், வாஷிங்டன் மாநிலத்து விடுதியில் அறை துடைத்த எல்சி பாரிஷின் குறைந்தபட்சக் கூலி வழக்கோடு லாக்னர் காலம் முடிந்தது. இதற்கு நடுவில், 1933-இல், மாரிஸ் கோஹன் என்ற தத்துவப் பேராசிரியர் சொன்னது இன்றும் நிற்கிறது: ஒப்பந்தத்தை அமல்படுத்து என்று கேட்கும் எவரும் அரசின் பலத்தைத் தன் பக்கம் இரவலாகக் கேட்கிறார், கேட்பவருக்கெல்லாம் அரசு ஏன் அதைத் தரவேண்டும் என்று கேட்க மற்றவர்களுக்கு உரிமை உண்டு. கதவைப் பற்றிய சரியான கேள்வி இதுவே. ஆனால் அதிலிருந்து, கதவு திறக்காவிட்டால் கடனே இல்லை என்ற முடிவுக்குத் தாவுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இன்றைய முஸ்லிம் நாடுகளில் இந்தப் பழைய பிரிவினை எவ்வளவு மிச்சம் என்றும் நீங்கள் அடுத்துக் கேட்கலாம். மிகக் குறைவு. மஜல்லா ஹனஃபி சட்டத்தின் உள்ளடக்கத்தைக் காப்பாற்றியது. ஆனால் அதைச் சுல்தானின் ஆணையாகப் பிறப்பித்த அன்றே, இப்னுல் முகஃபா கேட்டது நடந்துவிட்டது. சட்டம் அறிஞரின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியது. பிறகு எகிப்தியச் சட்ட அறிஞர் அப்துர் ரஸ்ஸாக் சன்ஹூரி வரைந்த எகிப்திய சிவில் சட்டம் 1949 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதன் 147-ஆவது பிரிவு, ஒப்பந்தமே தரப்பினரின் சட்டம் என்று பிரெஞ்சு வாசகத்தோடு தொடங்கி, எதிர்பாராத பேரிடரில் கடமை ஒருவரை நசுக்கினால் நீதிபதி அதைக் குறைக்கலாம் என்று முடிகிறது. பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு இது வர 2016 ஆயிற்று. நல்ல பிரிவு. ஆனால் அதே சட்டத்தின் 226-ஆவது பிரிவு, தாமதமான கடனுக்கு சிவில் விவகாரத்தில் 4 சதவீதமும் வணிக விவகாரத்தில் 5 சதவீதமும் வட்டி விதிக்கிறது. எந்த ஆட்சியாளராலும் ஆகுமாக்க முடியாது என்று மரபு சொன்ன அதே வட்டி.

அது நேரடி மோதலாக வந்தது அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தின் வழியாக. பத்தாம் நூற்றாண்டில் தொடங்கிய, சுன்னி உலகின் தலையாய கல்வி நிலையம். அதன் மருத்துவக் கல்லூரிக்கு ஒருவர் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் சப்ளை செய்தார். பணம் வரத் தாமதமானது. நீதிமன்றம் பாக்கியோடு 4 சதவீத வட்டியும் சேர்த்துக் கட்டச் சொன்னது. 1980-இல் திருத்தப்பட்ட எகிப்திய அரசியல் சட்டம் ஷரீஅத்தின் கோட்பாடுகளே சட்டத்தின் முதன்மையான ஊற்று என்கிறதே, ஆகவே 226-ஆவது பிரிவு செல்லாது என்று அஸ்ஹரின் தலைவர் அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போனார். 1985 மே மாதம் மனு தள்ளுபடி ஆனது. நீதிபதிகள் வட்டி ஆகும் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. ஆகாது என்றும் சொல்லவில்லை. அந்தத் திருத்தம் 1980-க்குப் பிறகு இயற்றப்படும் சட்டங்களையே கட்டுப்படுத்தும், 226 அதற்கு முந்தையது, பழையவற்றைத் திருத்துவது சட்டமன்றத்தின் பொறுப்பு என்றார்கள். 226-ஆவது பிரிவு இன்றும் அந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.